வாசகர் கேட்டவை: பேராதனையில் தலைமையகம், திருகோணமலையில் ‘வேலியன்ட்’

சென்ற இதழில், 1944 ஏப்ரலில் பேராதனைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த, நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பற்றி எழுதினோம். “அந்த நாட்களில் திருகோணமலையில் நின்ற ‘வேலியன்ட்’ அங்கேயே ஊனமானது” என்று போகிற போக்கில் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தோம். தலைமையகத்தைப் பற்றி இரண்டே கடிதம். மற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்கு.

ஹட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ‘வேலியன்ட்’ எங்கே கட்டியது, எங்கெல்லாம் போரிட்டது, கடைசியில் என்னவானது? சுருக்கமாகப் போதும்.

சுருக்குவது கஷ்டம் ஐயா, ஆனாலும் பார்க்கிறோம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பக்கம் கோவன் என்ற இடத்தில், பெயார்பீல்ட் தளத்தில் 1913 ஜனவரி 31இல் வேலை தொடங்கியது. 1914 நவம்பர் 4இல் தண்ணீரில் இறக்கினார்கள். 1916 தொடக்கத்தில் சேவைக்கு வந்தது. கூடப்பிறந்தவை நான்கு: குயின் எலிசபெத், வோர்ஸ்பைட், பார்ஹம், மலாயா. இதில் ‘மலாயா’வின் செலவை அன்றைய மலாய் நாடுகளே கொடுத்தன.

நீளம் 195 மீற்றர். பீரங்கி எட்டு, ஒவ்வொன்றின் வாயும் 15 அங்குலம். இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு சுழல் கோபுரங்கள், முன்னால் 2, பின்னால் 2. ஒரு கோபுரம் மட்டும் 700 தொன்னுக்கு மேல். ஒரு குண்டு 871 கிலோ. அதைத் தள்ளிவிட வேண்டிய வெடிமருந்து ஏறத்தாழ 194 கிலோ, நான்கு பொதியாகப் போகும். ஒரு பொதியை 50 கிலோ மா மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சூட்டுக்கு நாலு மூட்டை, நிமிடத்துக்கு இரண்டு சூடு. 1939இல் புதுப்பித்த பிறகு பீரங்கியை 20 பாகைக்குப் பதில் 30 பாகை வரை நிமிர்த்தலாம் என்றானது. அப்போது குண்டு 29 கிலோமீற்றர் அளவு போகும். நுவரெலியாவிலிருந்து பண்டாரவளைக்கு, வளைவுகளை விட்டு ஆகாய வழியில் அளந்தால், அதை விடச் சற்றுக் குறைவு.

முதல் பெரிய சண்டை ஜெர்மன் கடற்படையோடு, டென்மார்க்குக்கு அப்பால் ஜட்லாண்டில், 1916 மே 31. அதில் 15 அங்குலக் குண்டுகள் 288 சுட்டது; தான் ஒன்றும் வாங்கவில்லை. கூட வந்த வோர்ஸ்பைட், பார்ஹம், மலாயா மூன்றும் பலமாக அடி வாங்கின. காரணம் அதிர்ஷ்டம் மட்டுமில்லை. நாலு கப்பலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் திரும்பின. ஜெர்மனியர் அந்தத் திருப்பத்துக்கே குறி வைத்தார்கள். இரண்டாவதாகத் திரும்பிய வேலியன்ட் குறி பிடிபடுவதற்குள் கடந்துவிட்டது; கடைசியாகத் திரும்பிய மலாயாவுக்கு முழுதும் விழுந்தது. எதிரியிடம் தப்பிய வேலியன்ட் அந்த ஓகஸ்ட்டில் சொந்த அண்ணன் வோர்ஸ்பைட்டுடனேயே மோதி, பழுதுபார்க்கப் போனது தனிக்கதை.

1940 ஜூலை 3இல் அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபீர் துறையில் பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்ட படையில் இதுவும் இருந்தது. சில வாரம் முன்புவரை தோழராக நின்ற நாட்டின் மாலுமிகள் 1,297 பேர் செத்தார்கள். இந்தக் கப்பலின் கதையில் பெருமையோடு சொல்ல முடியாத நாள் அது. பிறகு மத்தியதரைக் கடல், மாட்டபான், கிரீட், அலெக்சாந்திரியா. 1943இல் சிசிலி, சலேர்னோ. 1944இல் நம் பக்கம். 1948 மார்ச்சில் பழைய இரும்புக்கு விற்றார்கள். ஸ்கொட்லாந்தின் கெயார்ன்ரையனில் உடைத்தார்கள். பிறந்ததும் முடிந்ததும் ஒரே நாட்டில்.

கொட்டகலை வாசகி: எங்கள் பாட்டி கெட்டிக்காரப் பிள்ளைகளை “சரியான எம்டன்” என்பார். அந்த எம்டனும் இப்படிப்பட்ட கப்பல்தானா?

இல்லை. எம்டன் ஜெர்மனியரின் இலகு குரூசர்; வேகமாக ஓடி, அடித்துவிட்டு மறைகிற ரகம். 10.5 சென்ரிமீற்றர் பீரங்கி, குண்டு ஒன்று சுமார் 17 கிலோ. வேலியன்ட்டின் ஒரு குண்டு அதைப்போல் ஐம்பது. 1914 செப்டெம்பர் 22இல் சென்னையைச் சுட்டுவிட்டு இலங்கையைச் சுற்றிக்கொண்டு போனதால் பெயர் நம் வாயில் நின்றுவிட்டது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பலான ‘சிட்னி’ அதை முடித்தது. வேலியன்ட் தண்ணீரில் இறங்கி அப்போது ஐந்து நாள். போர்க்கப்பல் என்று பொதுவாகச் சொல்வதால் வருகிற குழப்பம் இது. கனத்த கவசமும் பெரிய பீரங்கியும் உள்ள ‘பேட்டில்ஷிப்’ ரகத்தை இந்தப் பக்கங்களில் பெரும்போர்க்கப்பல் என்றே எழுதுகிறோம்.

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரப் பகுதி ஊழியர்: ஒரு கப்பலில் 24 பொய்லர் இருந்ததாகப் படித்தேன். எங்கள் பெக்டரியில் ஒன்றைக் கட்டி மேய்க்கவே ஆள் போதாது. 24 எதற்கு? அதற்கு விறகா, கரியா?

இரண்டுமில்லை, எண்ணெய். வேலியன்ட்டும் கூடப்பிறந்த நான்குமான இந்த ஐந்து கப்பலும்தான் எண்ணெயை மட்டும் நம்பிக் கட்டிய முதல் பிரித்தானியப் பெரும்போர்க்கப்பல்கள். கரி என்றால் தீ போடும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேண்டும். அள்ளிப்போடுவது, கிளறுவது, சாம்பல் வாருவது என்று முறை வைத்து நிற்க வேண்டும். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் குளிர்காற்று புகுந்து சூடு இறங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. எண்ணெயில் அந்தத் தொல்லை கிடையாது. தெளிப்பானைக் கூட்டினால் ஆவி கூடும், குறைத்தால் குறையும். ஆட்கள் குறைவு, புகை குறைவு, நடுக்கடலிலேயே குழாய் போட்டு நிரப்பலாம். குறை ஒன்றுதான்: கரி பிரித்தானியாவின் மண்ணுக்கடியில் இருந்தது, எண்ணெய் இல்லை. அதனால்தான் 1914இல் அந்த அரசு பாரசீக எண்ணெய்க் கம்பனியில் பங்கு வாங்கியது. பிறகு திருகோணமலையிலும் எண்ணெய்த் தாங்கிகள் எழும்பின. 101 தாங்கியில் 99 இப்போதும் நிற்கிறது, ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர். வேலியன்ட்டின் வயிறு 3,400 தொன் அளவு. ஒரு தாங்கி எண்ணெயில் அதை மூன்று தரம் நிரப்பலாம்.

24 ஏன் என்றால், அன்றைய பொய்லர் ஒன்றால் கிடைத்த ஆவி அவ்வளவுதான். வேண்டிய சக்தி 75,000 குதிரைவலு. 1937 முதல் 1939 வரை இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் கப்பலின் வயிற்றைத் திறந்து, 24ஐயும் எடுத்துவிட்டுப் புது ரகம் 8 வைத்தார்கள். ஆவியால் சுழலும் டர்பைனையும் பற்சக்கரம் பூட்டியதாக மாற்றினார்கள். டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் ஆவி வீணாகாது, புரொப்பெல்லர் மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரைப் பிடித்துத் தள்ளும். பழைய முறையில் இரண்டையும் ஒரே தண்டில் நேராகப் பூட்டியிருந்ததால் இரண்டுக்கும் நஷ்டம். நடுவே பற்சக்கரம் வந்ததும் இரண்டும் தத்தம் வேகத்தில் ஓடின. சக்தி 80,000 ஆனது, எடையும் இடமும் மிஞ்சியது. மிஞ்சியதை விமான எதிர்ப்புப் பீரங்கிக்கும் கவசத்துக்கும் கொடுத்தார்கள்.

நோர்வூட், தொழிற்சங்கக்காரர்: கடற்படையிலும் ‘ஸ்ட்ரைக்’ நடந்ததாமே?

நடந்தது. அதில் வேலியன்ட்டும் உண்டு. 1931 செப்டெம்பர், ஸ்கொட்லாந்தின் இன்வர்கோர்டன் துறை. உலகப் பொருளாதார வீழ்ச்சி. அரசாங்கம் எல்லோருடைய சம்பளத்திலும் கை வைத்தது. 1925க்கு முந்திய சம்பளக் கணக்கில் இருந்த சாதாரண மாலுமிக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங், அது 3 ஆகும் என்றார்கள். நாலில் ஒன்று. மேலே இருந்தவர்களுக்கு விழுந்த வெட்டு விகிதத்தில் அதைவிடச் சிறியது. போதாக்குறைக்கு, மாலுமிகளில் பலர் இதைப் பத்திரிகையில் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

செப்டெம்பர் 15 காலை கப்பல்கள் பயிற்சிக்குப் புறப்பட வேண்டும். ‘ரிப்பல்ஸ்’ போய்விட்டது. ‘ஹூட்’, ‘நெல்சன்’ இரண்டிலும் துறைமுக வேலையைச் செய்தார்கள், கடலுக்குப் போக மாட்டோம் என்றார்கள். ‘ரொட்னி’யிலும் வேலியன்ட்டிலும் இன்னும் இறுக்கம்: தீக்காவல் போன்ற தவிர்க்க முடியாத வேலை மட்டும், அதிகாரிகள் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளாமல். அடிதடி இல்லை. ஒரு கப்பலில் ஆரவாரம் எழுந்தால் அடுத்த கப்பலும் திருப்பிக் குரல் கொடுக்கும், யார் யார் நிற்கிறார்கள் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டு நாளில் அரசாங்கம் இறங்கி வந்து 25 வீத வெட்டை 10 வீதமாக்கியது. இலண்டன் பணச்சந்தை கலங்கி, அந்த மாதம் 21இல் பிரித்தானிய நாணயம், தன் மதிப்பைத் தங்கத்தோடு கட்டியிருந்த கணக்கை விட்டே வெளியேறியது. முன்னின்ற சிலர் சிறைக்குப் போனார்கள், நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வெட்டு குறைந்தது எல்லோருக்கும், வேலை போனது சிலருக்கு. இந்தக் கணக்கை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கண்டி வாசகர்: எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப் இந்தக் கப்பலில் இருந்தாரா?

இருந்தார், 19 வயது பயிற்சி அதிகாரியாக. 1941 மார்ச் 28 இரவு கிரேக்கத்தின் மாட்டபான் முனைக்கு அப்பால் தேடொளி விளக்கைப் பொறுப்பெடுத்தவர் அவர். அசையாமல் நின்ற இத்தாலியக் கப்பல் ஒன்றை வேலியன்ட்டின் ராடார் கண்டது. அதற்கு உதவிக்கு வந்த மற்ற இத்தாலியக் கப்பல்கள் மூன்றரைக் கிலோமீற்றருக்குள் வரும்வரை எதிரே யார் நிற்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. 29 கிலோமீற்றர் சுடுகிற பீரங்கிக்கு அது வாசற்படித் தூரம். இத்தாலி இழந்தது மூன்று கனரகக் குரூசர், இரண்டு நாசகாரி, சுமார் 2,300 உயிர். அதற்கு முன் 1940இலேயே பிலிப் இலங்கையில் கொஞ்ச காலம் பணியில் இருந்தார். 1954இல் மகாராணியோடு கண்டிக்கு வந்தது உங்கள் ஊரில் பலருக்கு நினைவிருக்கும்.

பதுளை வாசகர்: இரண்டு பேர் தண்ணீருக்கடியில் நீந்திப் போய் இவ்வளவு பெரிய கப்பலை மூழ்கடித்தார்கள் என்பது நம்பக்கூடியதா?

1941 டிசெம்பர் 19, எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறை. நீந்தவில்லை, சவாரி போனார்கள். 7 மீற்றர் நீளமுள்ள, மின்கலத்தில் மெதுவாக ஓடும் டோர்பிடோ. குதிரையில் உட்காருவதுபோல் இருவர். இத்தாலியர் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘பன்றி’. மூக்கில் 300 கிலோ வெடிமருந்து. கப்பலின் அடிவயிற்றில் இருபக்கமும் துருத்தும் விளிம்புகளில் கொளுவி போட்டு, நடுவில் வெடியைத் தொங்கவிட வேண்டும் என்பது திட்டம்.

‘குயின் எலிசபெத்’துக்குப் போனவர்கள் சொன்னபடி செய்தார்கள். வேலியன்ட்டுக்குப் போன லுயீஜி டுராண்ட் டி லா பென்னேக்கு எதுவும் சரிவரவில்லை. கூட்டாளி எமிலியோ பியாங்கி மூச்சுக்கருவிக் கோளாறில் மேலே மிதந்து போனார், பன்றியின் விசிறி சிக்கி நின்றது. கலங்கிய சேற்றில், கண் தெரியாமல், தன்னந்தனியாக அதைக் கடற்தரையில் இழுத்துக்கொண்டுபோய்க் கப்பலுக்கு நேர் கீழே விட்டார். தூக்கிக் கட்ட ஒரு கை போதவில்லை. மேலே வந்ததும் பிடிபட்டார். விசாரணையில் வாய் திறக்கவில்லை. கப்பலின் அடியறையில் அடைத்தார்கள். வெடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது தளபதி சார்ல்ஸ் மோர்கனைக் கூப்பிடச் சொல்லி, “உங்கள் ஆட்களைக் காப்பாற்றுங்கள்” என்ற பொருளில் சொன்னார். வெடி எங்கே என்பதை அப்போதும் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருவோம். ஒரே மருந்து, இரண்டு கப்பல், ஆனால் சேதம் ஒன்றல்ல. குயின் எலிசபெத்தின் வெடி அடித்தகட்டை ஒட்டித் தொங்கியது. அதை முழுமையாகத் திருத்த அமெரிக்காவின் நோர்போக் வரை கொண்டுபோய் 1943 ஜூன் ஆனது. வேலியன்ட்டின் வெடி தரையில் கிடந்தது. நடுவில் நின்ற தண்ணீர் அடியில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டது. தென்னாபிரிக்காவின் டர்பன் துறையில் திருத்தி 1942 ஜூலையில் வெளியே வந்துவிட்டது. இரண்டும் ஆழமில்லாத இடத்தில் நிமிர்ந்தபடியே அமர்ந்ததால், மேலிருந்து படம் எடுத்த விமானத்துக்கு எதுவும் நடக்காததுபோல் இருந்தது. 1945 மார்ச்சில் இத்தாலி தன் உயர்ந்த வீரப்பதக்கத்தை டி லா பென்னேக்குக் கொடுத்தபோது, அதை நெஞ்சில் குத்திவிட்டவர் அதே மோர்கன்.

மஸ்கெலியா வாசகர்: திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டுத்தான் வேலியன்ட் முறிந்தது என்று எங்கள் பெரியப்பா சொல்வார். நீங்கள் ‘ஊனமானது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

பெரியப்பாவின் நினைவில் இரண்டு சம்பவம் ஒன்றாகிவிட்டது. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்தது 1942 ஏப்ரல் 9. அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கி. வேலியன்ட் அப்போது அலெக்சாந்திரியாக் காயத்தோடு வேறு கடலில் இருந்தது. அது ‘குயின் எலிசபெத்’, ‘ரினவுன்’ கப்பல்களோடு இலங்கைக்கு வந்தது 1944 ஜனவரி முடிவில். ஜப்பான் வசமிருந்த இந்தோனேசியத் துறைகளைத் தாக்க, ஏப்ரலில் சபாங், மே மாதம் சுரபாயா, ஜூலை 25இல் மறுபடி சபாங் என்று போய்வந்தது. முறிந்தது ஓகஸ்ட் 8. அன்று எதிரி யாரும் வரவில்லை.

நடந்தது இது. கப்பலின் அடியைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும். திருகோணமலையில் அதற்கு மிதக்கும் டொக் ஒன்று இருந்தது, 23ஆம் இலக்கம், 50,000 தொன் தூக்கும். இரண்டு பக்கம் சுவர், கீழே தட்டையான தளம். தளத்துக்குள் வரிசையாக அறைகள், அத்தனையும் தண்ணீர்த் தாங்கிகள். தாங்கிகளை நிரப்பினால் டொக் அமிழும், கப்பல் உள்ளே வந்து சுவர்களுக்கு நடுவில் நிற்கும். பிறகு தண்ணீரை இறைத்தால் டொக் எழும்பும், தளத்தில் அடுக்கிய மரக்கட்டைகளில் கப்பலின் முதுகெலும்பு வந்து உட்காரும், இரண்டும் சேர்ந்து மேலே வரும்.

கேட்க எளிது. வினை எங்கே என்றால், மிதக்கிற கப்பலைத் தண்ணீர் நீளம் முழுக்கத் தாங்குகிறது. கட்டையில் உட்கார்ந்ததும் அந்த வேலை டொக்குக்கு மாறுகிறது. கப்பலின் எடை நீளத்தில் ஒரே சீராக இருக்காது. வேலியன்ட்டின் நான்கு கோபுரத்தில் இரண்டு முன்னால், இரண்டு பின்னால். அவற்றுக்குக் கீழேதான் குண்டறைகள். பீரங்கி ஒன்றுக்கு ஏறக்குறைய 100 குண்டு என்று வைத்தால் 800 குண்டு, 700 தொன். மருந்து 155 தொன். இவ்வளவும் நடுவில் அல்ல, முனைகளை நோக்கி. பெரிய கப்பலை டொக்கில் ஏற்றுமுன் குண்டையும் மருந்தையும் இறக்கிவிடுவதுதான் வழக்கம். வேலியன்ட் நிறைந்த குண்டறையோடு ஏறியது.

ஆகவே எந்தத் தாங்கியில் எவ்வளவு இறைப்பது என்பது, அதன் தலைக்கு மேலே எவ்வளவு எடை நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எடை கூடிய இடத்தின் கீழே தாங்கி கூட வெறுமையாக வேண்டும், எடை குறைந்த இடத்தில் தண்ணீர் மிஞ்சி நிற்க வேண்டும். நடுத் தாங்கிகளை மிகுதியாக இறைத்தால் நடு எழும்பி முனைகள் தொங்கும். முனைகளை மிகுதியாக இறைத்தால் நடு தொங்கும். எதுவானாலும் வளைவது டொக்கின் முதுகு. அன்று வேலியன்ட்டின் எடைப் பரம்பலுக்கு ஒவ்வாத வரிசையில் தாங்கிகளை வெறுமையாக்கினார்கள். முனைகளில் தாங்க முடியாத பளு ஏறி, டொக் முதுகு ஒடிந்து மூழ்கியது.

“50,000 தொன் தூக்கும் டொக்குக்கு 38,000 தொன்னுக்கும் குறைந்த கப்பல் எப்படிப் பாரமாகும்?” என்று கேட்கத் தோன்றும். மொத்தம் தாங்குவது வேறு, ஒவ்வொரு மீற்றரும் தாங்குவது வேறு. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட நீளப் பலகை ஆறு பேரைத் தாங்கும், பரந்து நின்றால். ஆறு பேரும் ஓரிடத்தில் குவிந்தால் முறியும்.

அப்படியான வேலையில் செய்ய வேண்டியது: கப்பலின் டொக் வரைபடத்தைப் பார்த்து, அன்றைக்கு உள்ளே இருக்கிற எண்ணெய், குண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் இடவாரியாகக் கூட்டிப் புதுக் கணக்குப் போடுவது, அதை வைத்துத் தாங்கிவாரியாக இறைப்புப் பட்டியல் எழுதுவது, கட்டையைத் தொட்டதும் நிறுத்திச் சரிபார்ப்பது, பிறகு கொஞ்சம் இறைப்பது, சுவர் உச்சியில் முன், நடு, பின் மூன்று புள்ளியையும் ஒரே கோட்டில் பார்த்து வளைவை அளப்பது, மறுபடி கொஞ்சம் இறைப்பது. வளைவு எல்லையைத் தாண்டினால் இறைப்பை நிறுத்தித் தண்ணீரைத் திரும்ப விடுவது. அவசரம் ஆகாது.

கொதிகலனில் ஆவி இருந்தபடியால் கப்பல் மூழ்கும் டொக்கிலிருந்து விடுபட்டுத் தப்பியது. ஆனால் பின்பக்கம் நசுங்கி, நாலு புரொப்பெல்லரில் உள்ளே இருந்த இரண்டும் இறுகிவிட்டன. சுக்கான் இரண்டில் ஒன்றும் போனது. அங்கே பொறுப்பிலிருந்த கடற்படைக் கட்டுமான அதிகாரியைப் பணியிலிருந்து இடைநிறுத்தினார்கள். அதன்பின் வேலியன்ட் நேர்கோட்டில் ஓடவில்லை, 8 நொட்டுக்கு (மணிக்கு 8 கடல் மைல்) மேல் வேகமும் பிடிக்கவில்லை. முன்பு 24 நொட் ஓடிய கப்பல் அது. சூயெஸ் குடாவில் மூழ்குநர் இறங்கி, சுற்றாத இரண்டு தண்டையும் அவற்றைத் தாங்கிய கைகளையும் தண்ணீருக்கடியிலேயே வாயுச் சுடரால் அறுத்துக் கடலடியில் விட்டார்கள். சுற்றாத விசிறி தண்ணீரைப் பிடித்து இழுக்கும், அதைவிட இல்லாததே மேல். மிச்சம் இரண்டு தண்டோடு பிரித்தானியா போய்ச் சேர்ந்து, கடைசிக் காலத்தில் பொய்லர் ஆட்களைப் பழக்கும் பயிற்சிக் கப்பலாக நின்றது. தலவாக்கலை நண்பர் இதைக் கவனிக்கவும்.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: ஜெர்மன் குண்டு, இத்தாலிய வெடி எல்லாவற்றையும் கடந்து வந்த கப்பலை மடக்கியது பம்பியின் கணக்கு.

தலவாக்கலை, உயர்தர மாணவி: விஞ்ஞானக் கண்காட்சிக்கு மிதக்கும் டொக் செய்ய முடியுமா? செலவு குறைவாக இருக்க வேண்டும்.

முடியும். இந்தச் சம்பவத்தையே காட்டலாம். 17க்கு 12 சென்ரிமீற்றர் அளவில், 6 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரே மாதிரி பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி மூன்று, மூடி வேண்டாம். ஒரு பழைய பைல் அட்டையில் 4 சென்ரிமீற்றர் அகலத்தில் நீளப் பட்டி வெட்டுங்கள். அதுதான் டொக்கின் முதுகு. அடிமட்டம் வைக்காதீர்கள், அது வளையாது. பெட்டிகளை நீளப்பக்கங்கள் எதிரெதிரே இருக்க வரிசையாக வைத்து, இடையில் விரலளவு இடம் விட்டு, பட்டியை மூன்றின் ஒரே பக்க விளிம்பிலும் நீளமாக ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். பெரிய தண்ணீர்ப் பேசினில் மிதக்க விடுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 400 மில்லிலீற்றர் தண்ணீர். அதற்குள் மணல் பொட்டலம்: இரண்டு முனைக்கும் 300 கிராம், நடுவுக்கு 100. இனி 20 மில்லிலீற்றர் சிறிஞ்சால் இறைக்க வேண்டும்.

சரியான முறை: முனைகளில் 15 சிறிஞ்சு வீதம், நடுவில் 5. முனையும் நடுவும் மாறி மாறி. கடைசியில் மூன்று பெட்டியும் ஒரே மட்டத்தில் நிற்கும், பட்டி நேராக இருக்கும். தவறான முறை: மூன்றையும் பழையபடி நிரப்பிவிட்டு, நடுப்பெட்டியை மட்டும் முழுக்க வெறுமையாக்குங்கள். பெட்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர் என்பதால் 200 கிராமுக்கு 1 சென்ரிமீற்றர் ஏறும் அல்லது இறங்கும். நடு 1.5 எழும்பி நிற்கும், முனை 1.5 அமிழ்ந்து நிற்கும். 3 சென்ரிமீற்றர் வித்தியாசத்தைப் பட்டி வில்லாகி இழுத்துப்பிடிக்கப் பார்க்கும், ஒட்டுநாடா பிய்யத் தொடங்கும். அந்த இடத்தில் கை வைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

பிழைக்கும் இடம் இரண்டு. மணல் பொட்டலம் நனைந்தால் கனம் கூடும், பொலித்தீனில் இறுகக் கட்டுங்கள். பாதி நிறைந்த பெட்டியில் தண்ணீர் ஒருபக்கம் ஓடிப் பெட்டியைக் கவிழ்க்கும். உண்மையான டொக்கிலும் அதே ஆபத்து உண்டு, அதற்காகவே தாங்கிகளைச் சிறு அறைகளாகப் பிரிக்கிறார்கள். பெட்டிக்குள் நீளவாக்கில் ஓர் அட்டைத் தடுப்பு வைத்தால் போதும். காலைக் குளிரில் ஒட்டுநாடா பிடிக்காது, விளிம்பை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டவும்.

பண்டாரவளை வாசகர்: தியத்தலாவையில் கடற்படை ஓய்வு முகாம் இருந்த காலத்தில் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தொப்பிப் பட்டியில் ‘எச்.எம்.எஸ்.’ என்று மட்டும் உள்ளது, கப்பல் பெயர் இல்லை. கூடவே தூரத்தில் நிற்கும் ஒரு கப்பலின் படம். இது வேலியன்ட்டா?

தொப்பியை வைத்துச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியாதிருக்க, பட்டியில் பெயரை எடுத்துவிட்டு ‘எச்.எம்.எஸ்.’ மட்டும் வைத்தார்கள். அதனால் படம் போர்க்காலத்தது என்பது உறுதியாகிறது, அதுவே ஒரு லாபம்.

கப்பல் படத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். முதலில் பீரங்கிக் கோபுரங்கள். முன்னால் 2, பின்னால் 1, புகைபோக்கி இரண்டு என்றால் ‘ரினவுன்’ போன்ற வேறொரு கப்பல், வேலியன்ட் இல்லை. எட்டும் முன்னாலேயே, கோபுரத்துக்கு நாலு வீதம் என்றால் பிரெஞ்சு ‘ரிஷ்லியூ’. அதுவும் அந்த ஆண்டு திருகோணமலையில் இருந்தது. முன்னால் 2, பின்னால் 2, புகைபோக்கி ஒன்று என்றால் அடுத்த படி: புகைபோக்கிக்கு முன்னால் மாடிக் கட்டிடம்போல் சதுரமான பெரிய மேற்கட்டு இருக்கிறதா? இல்லாமல் முக்காலிக் கம்பமும் சிறு தட்டுகளும்தான் என்றால் ‘ராமிலீஸ்’, ‘ரிவெஞ்ச்’ வகை. இருந்தால் வேலியன்ட், குயின் எலிசபெத், வோர்ஸ்பைட் மூன்றில் ஒன்று.

அதற்கும் வழி உண்டு. கப்பலின் விலாவைப் பாருங்கள். தளத்துக்குக் கீழே, உடம்புக்குள் பொதிந்ததுபோல் நாலு பீரங்கி வெளியே நீட்டினால் வோர்ஸ்பைட். அப்படி இல்லாமல், தளத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஐந்து சிறு இரட்டைக் கோபுரங்கள் என்றால் வேலியன்ட் அல்லது குயின் எலிசபெத். இந்த இரண்டையும் தூரத்துப் படத்தில் பிரிப்பது துறைபோனவர்களுக்கே தடுமாற்றம். படத்தின் பின்புறத்தில் திகதி எழுதியிருந்தால், இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏ.டி.எம். 53’ வரிசையில் இருக்கும் கப்பல் நாட்குறிப்போடு ஒப்பிடலாம். எந்த நாளில் எந்தத் துறையில் நின்றது என்று அதில் இருக்கும். 1944 ஓகஸ்ட் 8க்குப் பிந்திய திகதியாய் இருந்து, கப்பல் கடலில் வேகமாக ஓடுகிற படமானால், அது வேலியன்ட் இல்லை.

படத்தைப் பழைய அல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். நம் பக்கத்து ஈரத்தில் பசை இளகி மறுபடி இறுகியிருக்கும், மேற்படலம் உரிந்துவிடும். பக்கத்தோடு சேர்த்தே படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.